லெவிட்டுக்கு வெட்டிய காசு

சுருளியின் தோல் கையுறை இப்போது என் புத்தக அலமாரியில் இருக்கிறது. ஒற்றைக் கையுறைதான், இடது கைக்கு. "செத்த மாட்டுத் தோலைப் புஸ்தகத்தோட வைக்காதேங்கோன்னா" என்று என் மனைவி ஸ்யாமளா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். எடுத்து வேறு எங்காவது வைக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அதற்குள் பந்து வந்து விழும் சத்தம் எனக்குக் கேட்கிறது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் இப்படி எழுதுவது வெட்கக்கேடு. இருந்தாலும் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் சாலையில் இருந்த ஒரு மிஷன் பள்ளியில் நான் வாத்தியார். சுருளி அங்கே தோட்டக்காரன். பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலில் சோளக்காடு வைத்திருந்த குடும்பம். மழை மூன்று வருஷம் ஏமாற்றவே, 1926இல் பெண்டாட்டி அன்னக்கொடியையும் நாலைந்து வயசு மகன் காசிமாயனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான். கறுத்த, நெட்டையான ஆள். அதிகம் பேசமாட்டான். பேசினால் எதிராளி வாயை மூடிக்கொள்ளும்படி பேசுவான்.

அதே பள்ளியில் சரித்திரம் நடத்தியவர் கில்மன் துரை. அமெரிக்காவில் எல்ம்பரி என்று ஒரு ஊர், நெசவாலை ஊர், அங்கிருந்து வந்தவர். "எல்ம்பரியை அமெரிக்காவிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்" என்று அவரே சொல்வார். ஆனால் அந்த ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. ஆலைத் தொழிலாளி, கசாப்புக்கடைக்காரர், தபால்காரர் என்று ஒன்பது பேர். துரையின் தம்பி ஃபிராங்க் அதில் ஆடினான். துரைக்குப் பைபிளுக்கு அடுத்தது அந்த அணிதான். சில நாள் அந்த வரிசையிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒருநாள் கொய்யாமரத்தில் கிளி உட்கார்ந்திருந்தது. சுருளி குனிந்து ஒரு கல்லை எடுத்தான், எறிந்தான். கிளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உட்கார்ந்திருந்த கொப்பு மட்டும் முறிந்து விழுந்தது. "அடிச்சா பாவம்ல, அதான் கொப்ப அடிச்சேன்" என்றான். சோளக்காட்டில் கவண் சுற்றி வளர்ந்த கை அது. கில்மன் துரை வராந்தாவில் நின்று இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஐந்து மணிக்கு அவனை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இந்தக் கையுறையை மாட்டிவிட்டு, இருபது கஜம் தள்ளிப்போய் நின்று பந்தை எறிந்தார்.

அன்றிலிருந்து எட்டு வருஷம், ஐந்திலிருந்து ஆறு வரை, துரை எறிவார், சுருளி பிடிப்பான். மழை பெய்தால் மட்டும் கிடையாது. துரைக்குப் புத்தகத் தமிழ்தான் வரும். "சுருளி அவர்களே, இதனைப் பிடிப்பீராக" என்று சொல்லிவிட்டு எறிவார். நாங்கள் வாத்தியார்கள் எல்லாம் சிரிப்போம். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை எல்ம்பரியிலிருந்து ஒரு கட்டு வரும். அந்த ஊர் வாரப் பத்திரிகை, நாலு இதழ். கப்பலிலும் ரயிலிலும் வந்து சேர ஏழு வாரம் ஆகும். துரை படித்துத் தமிழில் சொல்ல, சுருளி கைகட்டி நின்று கேட்பான். அந்த ஒன்பது பேரின் பேரும், யார் யாருக்கு எத்தனை பிள்ளை என்பதும் அவனுக்கு மனப்பாடம். மாசி வீதியில் வழி தெரியாமல் நிற்பவன், எல்ம்பரியில் ஆலையிலிருந்து மைதானத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும் என்று கேட்டால் சொல்லுவான். ஃபிராங்க்கை "சின்னத்தொரை" என்பான். பார்க்காமலே அவன்மேல் அப்படி ஒரு பிரியம்.

1934இல் துரைக்கு நெஞ்சுநோய் வந்து ஊருக்குத் திரும்பினார். போகும்போது கையுறையையும் பந்தையும் சுருளியிடம் கொடுத்தார். "பத்திரிகை தொடர்ந்து வரும். ஹாலாஸ்யம் வாத்தியார் படித்துச் சொல்லுவார்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் கட்டு வந்த முதல் மாதமே நான் கெட்டுப்போனேன். அடுத்த கட்டு எப்போது வரும் என்று தபால்காரரை வழிமறித்துக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

சுருளியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நான் கத்தரித்துக் கொடுத்த துண்டுகள், அணியின் படம், சின்னத்துரையின் சட்டையிலிருந்து அறுந்த ஒரு பித்தான், ஆட்டம் பார்க்கப் போனவர்களின் கிழிந்த சீட்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒரு புகையிலை டப்பாவில் எல்ம்பரி மைதானத்து மண் கொஞ்சம். துரை ஊருக்குப் போனதும் அனுப்பியது. அன்னக்கொடி அந்த டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

முக்கியமான ஆட்டத்தின் முடிவை நான் படிக்கப்போகிறேன் என்றால், அதற்கு முன்னால் சுருளி ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவான். "அட பைத்தியமே, ஆட்டம் முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. ஜெயிச்சவா ஜெயிச்சாச்சு. இப்ப கற்பூரம் ஏத்தி என்ன மாறப்போறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கிட்டு முடிஞ்சுருக்கலாம்ங்கய்யா. நீங்க இன்னும் படிக்கலையில்ல?" என்றான்.

அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

1937 அக்டோபர் நடுவில் வந்த கட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எல்ம்பரிக்கும் பக்கத்து ஊரான ஸ்டோன்ஃபீல்டுக்கும் வருஷத்தின் கடைசி ஆட்டம். ஸ்டோன்ஃபீல்டுக்காகப் பந்து எறிந்தவன் லெவிட் என்ற இருபத்துநாலு வயசுப் பையன். அவன் எறிந்த பந்து மட்டையோடு நின்ற சின்னத்துரையின் முகத்தில் பட்டு, இடது கண் போய்விட்டது. கை தவறியது என்கிறான் லெவிட், பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று பத்திரிகை எழுதியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை வேறு எப்படி எழுதும்? அதையும் நான் சுருளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரம் ஆத்திரம்.

"எறியத் தெரிஞ்சவனுக்குக் கை தவறாதுங்கய்யா" என்றான் சுருளி. பிறகு, "அவன் படம் இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு லெவிட் சிரித்துக்கொண்டிருந்த படம். கத்தரித்துக் கொடுத்தேன். அந்த வாரம் சுருளி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர்க் கட்டில் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை. டிசம்பரில் அடுத்த கட்டு வந்தது. படித்துக்கொண்டே போனேன். லெவிட் ஏரியில் மீன் பிடிக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனான், இரண்டு நாள் கழித்துத்தான் உடம்பு கிடைத்தது, தாய்க்கு ஒரே பிள்ளை என்று போட்டிருந்தது.

"யாருங்கய்யா?"

"லெவிட்தான். அந்த ஸ்டோன்ஃபீல்டுப் பையன்."

"கை?" என்றான் சுருளி.

"என்ன கை?"

"கைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆளே போயிட்டான், கை என்ன கை?" என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் வந்து அந்தத் துண்டையும் கத்தரித்து வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. துரை போன பிறகு மகன் காசிமாயன்தான் சாயங்காலம் அவனுக்கு எறிந்துகொண்டிருந்தான். பதினாறு வயசுக்கு என்ன கை அது! அப்பனையே மிஞ்சின கை. அதுவும் நின்றது. கையுறை பெட்டிக்குள் போயிற்று. ஆனால் ஐந்து மணி ஆனால் சுருளி தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தைப் பார்த்து நிற்பான். நான் பக்கத்தில் போனால், "கேக்குதாங்கய்யா?" என்பான். எனக்கு ஒன்றும் கேட்காது. காக்கை கத்தும், திருமங்கலம் பஸ் போகும், அவ்வளவுதான்.

1938 வெயில் காலத்தில் ஒருநாள், மைதானத்து ஓரத்துப் புளியமரத்தைக் காட்டினான். "அங்கன நிக்கிறான் பாருங்க. துணியெல்லாம் நனைஞ்சு நிக்கிறான். இந்த வெயில்லயும் சொட்டுது" என்றான்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். அவன் ஊர்ப்பக்கம் பொட்டல் கருப்பு என்று ஒரு காவல்தெய்வம். தனக்கு அநியாயம் செய்தவன் மேல் ஆத்திரம் அடங்காவிட்டால், அங்கே போய்ச் சாமி முன்னால் கல்லில் ஒரு காசை வைத்து, எதிரியின் பேரும் ஊரும் சொல்லி உளியால் வெட்டுவார்கள். வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். மற்றதைக் கருப்பு பார்த்துக்கொள்ளும். சுருளி லெவிட்டின் படத்தைக் கல்லில் விரித்து, அதன்மேல் காசை வைத்து வெட்டியிருக்கிறான். உளி காசைத் தாண்டி இறங்கிப் படத்தில் லெவிட்டின் வலது தோளைத் துளைத்திருந்தது. படத்தை எடுத்துக் காட்டினான்.

"கைய மட்டுந்தாங்கய்யா கேட்டேன். இனிமே அவன் எறியக் கூடாதுன்னுதான் கேட்டேன். உசுரக் கேக்கலையே நான். பெத்தவளுக்கு ஒத்தப் புள்ளையாமே" என்று சொல்லிவிட்டு அழுதான். அதுவரை அவன் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஏம்ப்பா, உன் கருப்பு கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய், அந்த ஊர் ஏரியைக் கண்டுபிடிச்சுப் படகைக் கவுத்தாரா?" என்றேன்.

"பேப்பர் வரலையா? அது வர்ற வழியில சாமி போகாதா?" என்றான்.

அன்றே நான் அந்தத் துண்டை வாங்கித் தேதியைப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. மூடத்தனத்துக்குத் தேதி பார்த்துப் பதில் சொல்வதா என்ற கர்வத்தில் விட்டுவிட்டேன். என் படிப்பின் லட்சணம் அது.

1939 ஆரம்பத்தில் கில்மன் துரை எல்ம்பரியில் காலமானார். அவருடைய தம்பி எழுதிய கடிதம் வந்தது. ஆனால் கட்டு நிற்கவில்லை. துரை சாவதற்கு முன்பே உறைகளில் எங்கள் விலாசத்தை எழுதி அடுக்கி வைத்திருந்தாராம். சின்னத்துரை அதில் போட்டு அனுப்ப, ஒரு வருஷத்துக்கு மேல் செத்தவர் கையெழுத்திலேயே மாதாமாதம் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. நான் உறையைப் பிரிக்கும்போது சுருளி எட்டி நிற்பான். "தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு. அவரு அங்க போயி அந்தப் பயலப் பாத்துருப்பாரு" என்பான். உறைகள் தீர்ந்தனவோ, யுத்தம்தான் தடுத்ததோ, 1940 நடுவில் கட்டு வருவது நின்றது.

அதே வருஷம் காசிமாயன் பட்டாளத்தில் சேர்ந்தான். மலேயாவிலிருந்து எனக்கு விலாசமிட்டு அப்பனுக்குக் கடிதம் எழுதுவான். வெடிகுண்டு எறிவதில் தன் பட்டாளத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றும், அப்பாவுக்கு எறிய ஆள் இல்லாமல் கை நமநமக்குமே என்றும் ஒரு கடிதத்தில் இருந்தது. சுருளி அதை என்னை ஐந்து தடவை படிக்கச் சொன்னான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது. மூன்று மாதம் கழித்துச் சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. காசிமாயனைக் காணவில்லை என்று மட்டும் சொன்னது. உயிரோடு இருக்கிறான் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சுருளி அந்தத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான். பின்னால் அன்னக்கொடி. இரண்டு பேர் காலிலும் முழங்கால் வரைக்கும் செம்மண். பேரையூர்ப் பக்கம் போய்விட்டு நேரே வருகிறார்கள் என்று தெரிந்தது.

"அவன் செத்த தேதியப் பாக்கணும்ங்கய்யா" என்றான்.

"எவன்?"

"லெவிட்டு."

எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். வியாழக்கிழமை, அக்டோபர் 14 என்று தெளிவாகப் போட்டிருந்தது. "நீ காசு வெட்டினது என்னிக்கு?" என்றேன்.

"ஐப்பசி மொத வெள்ளி."

பழைய பஞ்சாங்கம் என்னிடம் எல்லா வருஷத்துக்கும் உண்டு. 1937இல் ஐப்பசி முதல் வெள்ளி, அக்டோபர் 22. அவன் உளியைக் கையில் எடுப்பதற்கு எட்டு நாள் முன்னாலேயே லெவிட் செத்துப்போயிருந்தான்! கணக்கு விழுந்துவிட்டது. வகுப்பில் கஷ்டமான கணக்குக்கு விடை வந்ததுபோல எனக்குச் சிரிப்புப் பொங்கியது. "சுருளி" என்று ஆரம்பித்தேன்.

"செத்த இருங்கய்யா" என்று அன்னக்கொடி குறுக்கே வந்தாள். என்னிடம் அவள் அதுவரை நேருக்கு நேர் பேசியதே இல்லை. "பூசாரி பேயாண்டி சொல்லிட்டாரு. வெட்டுன வெட்டு யாரையாச்சும் எடுக்காம அடங்காதாம். அந்தப் பய வெட்டுக்குப் பெறகு செத்துருந்தா, அவனோட அது முடிஞ்சுபோச்சு, எங்களுக்குப் பயமில்ல. அதுக்கு முந்தியே செத்துருந்தான்னா வெட்டு ஆளில்லாம அலைஞ்சு, வெட்டுனவன் வீட்டுக்கே திரும்பிருமாம். தலப்பிள்ளையத்தான் கேக்குமாம். எங்களுக்கு வேற புள்ள ஏது?"

சுருளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாந்தான கொன்னேன்? சொல்லுங்கய்யா. நான் வெட்டுனதுலதான அவன் செத்தான்? நான் கொன்னவன்னா எம்மகன் வந்துருவான்" என்றான்.

துண்டைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் நகர்ந்து அந்தப் பதினாலின்மேல் உட்கார்ந்தது. நான் நகர்த்தவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் விரல் என்னுடையதுதான்.

"அக்டோபர் இருபத்தெட்டு. நீ வெட்டி ஆறு நாள் கழிச்சு" என்றேன்.

வாழ்நாளில் நான் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னது அன்று ஒருமுறைதான்.

சுருளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாந்தான் கொன்னேன். ஏ அன்னம், கேட்டியா, நாந்தான் அவனக் கொன்னேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, வாய் சிரிக்கிறது. ஒருவன் கொலைகாரன் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க வேண்டாம். அன்னக்கொடி என் வாசல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துண்டைத் திருப்பிக் கேட்டபோது, "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துக்கொண்டேன். வேறு இங்கிலீஷ் படித்தவன் எவன் கண்ணிலாவது பட்டுவிடும் என்று பயம்.

அடுத்த மூன்று வருஷம் சுருளி நன்றாக இருந்தான். மகனைக் காணாமல் தவிக்கிறவனைப்போல அல்ல, பெரிய கடமை ஒன்று தலையில் இருப்பவனைப்போல இருந்தான். கொன்றவன் செத்தவனுக்குச் செய்யவேண்டும் என்று ஐப்பசி முதல் வெள்ளியன்று புளியமரத்தடியில் லெவிட்டுக்குப் படையல் போட்டான். "அவுக என்னங்கய்யா திம்பாக?" என்று என்னிடமே வந்து கேட்டான். எனக்கு என்ன தெரியும்? ரொட்டி, வெண்ணெய், முட்டை என்றேன். டவுன் ஹால் ரோட்டுக்கு நடந்தே போய் ரொட்டி வாங்கி வந்தான். எல்ம்பரி மண் இருந்த டப்பாவையும் பக்கத்தில் வைத்தான். "தம்பி, ஒன்னக் கொன்னது நாந்தான். ஒங்காத்தா வயிறெரிஞ்சது எனக்குத்தான் வரணும். எம்மகனுக்கு வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டான். நான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கையுறையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் போட்டு வைத்தான். காசிமாயன் வந்தால் எறிவான், தோல் காய்ந்திருக்கக் கூடாது என்று. இன்னும் அவன் நிற்கிறானா என்று புளியமரத்தைக் காட்டி ஒருநாள் கேட்டேன். "நிக்கிறான். ஆனா இப்ப கோவமில்ல" என்றான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சமாதானம். பொய் சொன்னதில் என்ன கெட்டுவிட்டது, ஒரு மனுஷன் சோறு தின்கிறான், தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வேன். காசிமாயன் வந்துவிட்டால் அதோடு தீர்ந்தது. தினமும் சந்தியாவந்தனம் முடிந்து அந்தப் பையன் வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

1945 நவம்பரில் சர்க்கார் உறை வந்தது. சுருளி பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் இடுப்பில் கையுறை செருகியிருந்தது. எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறான்.

"எப்ப வாரானாம்?" என்றான்.

பிரித்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பிடிபட்ட காசிமாயனை ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே காய்ச்சலில் இறந்துபோனான். 1943 ஜூன் மாதம். நாங்கள் இங்கே ரொட்டியும் முட்டையும் வைத்துக் கும்பிட்ட இரண்டாம் படையலுக்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். அங்கே முடிந்துவிட்டது, நான்தான் இன்னும் படித்திருக்கவில்லை.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேன்.

சுருளி கையுறையை இடுப்பிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி ஒருமுறை கத்தியது. பிறகு அவன் கேட்டான்:

"அப்ப இருபத்தெட்டு இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எம்புட்டு?"

"பதினாலு."

விரலை மடக்கி எண்ணினான். எட்டு விரல் மடங்கியது. "அந்தப் பய தானாத்தான் செத்தானா?"

"ஆமா சுருளி. நீ கொல்லலை. அவனையும் கொல்லலை, காசிமாயனையும் கொல்லலை. யுத்தத்துல லட்சம் பேர் போயிருக்கா. காசுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கருப்பும் கிடையாது, வெட்டும் கிடையாது, எல்லாம் நம்ம மனசுதான்" என்று எனக்குத் தெரிந்த தைரியத்தையெல்லாம் கூட்டிச் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகப் பரிதாபப்படுகிறவன்போலப் பார்த்தான்.

"நம்பாதவுக எதுக்குங்கய்யா அன்னைக்குத் தேதிய மாத்துனீக?"

கையுறையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்னக்கொடியிடம் சொல்லப் போகிறான் என்று தெரிந்தும் நான் கூடப் போகவில்லை.

மாசியில் சுருளி இறந்தான். காய்ச்சல் என்றார்கள். அன்னக்கொடி பேரையூருக்கே திரும்பிப் போய்விட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள், கையுறையைக் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது என்னைப் பார்த்தாள்.

அவன் கேட்டதற்கு இந்த மூன்று வருஷமாகப் பதில் தேடுகிறேன். அவன் மனசு நோகக்கூடாது என்றுதான் மாற்றினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அக்டோபர் 14 என்ற எழுத்தைப் பார்த்துச் சிரிப்புப் பொங்கின அடுத்த நிமிஷம், அன்னக்கொடி சொன்னதைக் கேட்டதும், காசிமாயன் போய்விட்டான் என்று நினைத்தேன். சர்க்காருக்கு முன்னால், பெற்றவர்களுக்கு முன்னால், நான் அதை நம்பினேன். அந்தப் பயத்தில்தான் விரல் நகர்ந்தது.

மணி ஐந்து ஆகப்போகிறது. ஸ்யாமளா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அலமாரிக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அப்படியும் கேட்கும். எறிகிறவன் துரையா, லெவிட்டா, காசிமாயனா என்று எனக்குத் தெரியாது. பிடிக்கிறவன் யார் என்று தெரியும்.